ஆடாத திரைக்கு நான் பார்த்த வைத்தியம்

பாய்,

இன்று காலை உன் லேப்டாப் என் மேசைக்கு வந்தது. உன் வீட்டம்மா, பாபிதான் ஆட்டோவில் வந்து, ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேனிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பழைய தலையணை உறைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி, குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. என் அறைக்கு வரவேண்டுமானால் நீ தோல் தரம் பிரித்த செலக்‌ஷன் ரூமைத் தாண்டித்தான் வர வேண்டும். அது அவருக்குத் தெரியும்.

"மக அடுத்த வாரம் மஸ்கட்லேர்ந்து வர்றா அண்ணா. அப்பாவோட லேப்டாப்ப நான் எடுத்துட்டுப் போறேன்றா. அவரு எப்பவும் ஆடுது ஆடுதுன்னு சொல்வாரே, அதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

மேசையில் வைத்துத் திறந்தேன். கீபோர்டின் சந்துகளிலிருந்து உன் ரூம் வாசனை வந்தது. பாலிஷ் மருந்து, மெழுகு, சாக்பீஸ் தூள். இருபத்திரண்டு வருடம் அதே காம்பவுண்டில் வேலை பார்க்கிறேன், அந்த வாசனை என் மூக்கில் ஏறியதே கிடையாது. ஆம்பூரில் யாருக்குத்தான் ஏறும்? இன்று ஏறியது. மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்தக் கேன்டீன் டீ இன்னும் அதே லட்சணத்தில்தான் இருக்கிறது, அதில் ஒன்றும் மாறவில்லை.

திரும்பி வந்து ஆன் செய்தேன். திரை சுத்தமாக இருந்தது. கோடு இல்லை, ஆட்டம் இல்லை, கலங்கல் இல்லை. உன் பேத்தி தொட்டிலில் படுத்துக்கொண்டு என்னை முறைத்தாள். இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது இரண்டு வருடத்துக்கு மேலாகச் சுத்தமாகத்தான் இருக்கிறது. பாபியிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். மற்றதைச் சொல்லும் தெம்பு, நீ போன இந்த எட்டு மாதமாக எனக்கு வரவில்லை. முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடச் சொன்னது நீதான். மகள் காலேஜ் படிக்கும்போது வாங்கிய மெஷின். கீல் உடைந்து டேப் ஒட்டியிருந்தது. ஆன் செய்துவிட்டு நாஷ்டாவை முடித்து வந்தாலும் உருண்டை சுற்றிக்கொண்டே இருக்கும் என்பாய். மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். குழந்தை பிறந்தால் வீடியோவில் பார்க்கவேண்டும், ஃபோனில் தம்மாத்தூண்டு தெரிகிறது, பெரிதாகப் பார்க்கவேண்டும் என்று நின்றாய். "நீ எப்பப் பாத்தாலும் லினக்ஸ் லினக்ஸ்னு பெருமை அடிச்சிக்கிறியே சிஸ்டம், அத்தப் போட்டுக் குடு" என்றாய். ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் என்பதால் எனக்குச் சிஸ்டம் என்றே பெயராகிப் போனது. என் பெண்டாட்டிகூடச் சில நேரம் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து பாசஞ்சர் பிடித்து வந்தேன். அதுவும் வழக்கம்போல முக்கால் மணி நேரம் லேட். பென் டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டியபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முழுதாகப் போட்டு முடித்து, மறுபடி ஆன் செய்ததும் வந்தது வினை. திரை நடுவில் இரண்டாகப் பிளந்து, மேல்பாதி ஒரு பக்கம் கீழ்ப்பாதி ஒரு பக்கம் நகர்ந்து நின்றது. குறுக்கே பச்சையும் ஊதாவுமாகக் கோடு. எழுத்து ஒன்றும் எழுத்தாக இல்லை. மவுஸை அசைத்தால் அது போன வழியெல்லாம் கிழிந்துகொண்டே போனது.

நீ தலையைச் சாய்த்து ரசித்துப் பார்த்தாய். "உங்க ஊரு லுங்கி மாதிரி இருக்குது. இதான் லினக்ஸா?"

எனக்குக் கோபம் வந்தது. பாபி வேறு சமையலறை வாசலில் நின்று சிரிக்கிறார். அப்போது நீ கேட்டாய், உன் வேலையில் தினம் நூறு தடவை கேட்கிற அதே கேள்வி: "மாட்டுக் குத்தமா, நம்ம குத்தமா?"

தோலைத் தரம் பிரிக்கிறவன் நீ. ஒரு தோலில் பழுது கண்டால் முதலில் அதைத்தான் கேட்பாய். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கீறல், கொம்பால் குத்து வாங்கிய தழும்பு, இதெல்லாம் மாடு உயிரோடு இருந்தபோது பட்டது, யாரையும் நோகமுடியாது. கத்தி பட்டதும் சாயம் திட்டுத்திட்டாக ஏறியதும் நம் ஆள் செய்தது, அவனைப் போய்க் கேட்கலாம். எது எவர் குற்றம் என்று தெரியாமல் கையை வைத்தால் நல்ல தோலும் கெடும் என்பாய். அன்றைக்கு அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. சரியான கேள்விதான். மெஷினை அணைத்துத் திரும்ப ஆன் செய்தேன். லினக்ஸ் வருவதற்கு முன்னால் இரண்டு வினாடி கம்பெனியின் சின்னம் வரும் பார், அது கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகுதான் கலங்கியது. உன் வீட்டு டிவியில் ஒயரைச் செருகினேன், அதிலும் அதே கிழிசல்.

"மாடு நல்ல மாடு பாய். நாம போட்ட சாயம்தான் சரியில்ல" என்றேன். தொடையைத் தட்டிச் சிரித்தாய்.

அதற்குப் பிறகு வழி தெரிந்த வேலைதான். ஆன் ஆகும்போது நிறுத்தி, தொடக்க வரியைத் திறந்து, கடைசியில் நோமோட்செட் என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். படம் காட்டுவதில் உன் சாமர்த்தியத்தைக் காட்டாதே, பேசாமல் இரு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சொல் அது. பேசாமல் இருந்தது. திரை தெளிந்துவிட்டது. ஆனால் எழுத்தும் படமும் எல்லாம் தடித்தடியாகப் பெரிதாக வந்தன. அந்தச் சொல்லைப் போட்டால் அப்படித்தான் வரும். முதலுதவி மாதிரி அது, நிரந்தரம் இல்லை.

நீ திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாய். "பெரிசா இருக்கறது நல்லாத்தான் இருக்குது. இப்படியே வுட்டுரு."

"சீ, அசிங்கமா இருக்குது பாய். அடுத்த வாரம் வந்து ஒழுங்கா போட்டுக் குடுக்கறேன்."

அடுத்த வாரம் வந்து ஒழுங்காகப் போட்டேன். லினக்ஸின் அடிமையமான கெர்னலைப் புதிதாக ஏற்றி, அந்தச் சொல்லை எடுத்து, எல்லாவற்றையும் பொடியாக, கூர்மையாக, எப்படி இருக்கவேண்டுமோ அப்படி ஆக்கினேன். எனக்கு என்ன பெருமை அன்றைக்கு! நீ "உம்" என்றாய். நீ பெரிசா இருக்கட்டும் என்று கேட்டதை நான் இத்தனை நாள் யோசித்ததே இல்லை. இப்போதெல்லாம் ரயிலில் உட்கார்ந்தால் அதுதான் வருகிறது.

பத்து நாள் கழித்துக் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். "சிஸ்டம், மறுபடி ஆடுது."

"இன்னா ஆடுது?"

"கோடு. நேரா இருக்க வேண்டிய கோடு நெளியுது. நடுவுலதான் ஜாஸ்தி. ஓரத்துல கம்மி."

போய்ப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. "இப்ப இல்ல, அப்பப்ப வருது" என்றாய். வந்து வந்து போகிற கோளாறு மாதிரி பேஜார் எங்கள் வேலையில் கிடையாது. ஒயர் லூஸாக இருக்கும் என்று பிரித்துத் திரை ஒயரை மாற்றினேன். ஆடுது என்றாய். வெளிச்சத்தைக் குறைத்தேன், கூட்டினேன். ஆடுது என்றாய். ஆபீஸில் கழித்துப்போட்ட லேப்டாப்பிலிருந்து வேறு திரையையே கழற்றிக் கொண்டுவந்து மாட்டினேன். அதிலும் ஆடுது என்றாய். குழந்தை பிறந்து மகள் வீடியோவில் காட்டியபோது, "புள்ள மூஞ்சி கோணலா தெரியுது சிஸ்டம், மூக்கு ஒரு பக்கமா இழுக்குது" என்றாய். நெட் சரியில்லை என்றேன். மஸ்கட் நெட்டைக் குறை சொன்னேன், உன் தெரு நெட்டைக் குறை சொன்னேன்.

திரையையே மாற்றியும் ஆடுது என்கிறான் ஒருவன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? முப்பது வயதிலிருந்து இதே வேலை. ஒவ்வொரு பாகமாக மாற்று, எதை மாற்றினாலும் மாறாமல் இருப்பது எதுவோ அங்கே பார் என்று புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். ஒயர் மாற்றினேன், திரை மாற்றினேன், மென்பொருள் மாற்றினேன். மாறாமல் இருந்தது பார்க்கிற ஆள் ஒருத்தன்தான். மாடா, நாமா என்று இரண்டைத்தான் கேட்டோம் பாய். பார்க்கிற கண்ணைக் கேட்கவே இல்லை.

உங்கள் ரூமில் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் தோல் பார்ப்பீர்கள், லைட் போட்டுப் பார்க்க மாட்டீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மேசை மாறிக்கொள்வீர்கள். ஒருத்தர் பார்த்து முடித்த அடுக்கிலிருந்து பத்துத் தோலை உருவி இன்னொருத்தர் பார்க்கவேண்டும். மறு கண் என்பீர்கள். "ஒரே கண்ணு ஜாஸ்தி நேரம் பாத்தா எல்லாம் நல்லதாத் தெரியும் சிஸ்டம்" என்று நீயே சொல்லியிருக்கிறாய். நான் ஒவ்வொரு முறையும் என் கண்ணால்தான் பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாம் நல்லதாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் நீ தோலைத் தடவித் தடவித் தரம் பிரிக்க ஆரம்பித்திருந்தாய். கண் பாதி மூடியிருக்கும். விரல் நுனி கழுத்துப் பக்கத்திலிருந்து வால் பக்கம் வரை மெதுவாக ஓடும், ஒரு இடத்தில் நிற்கும், சாக்பீஸால் வட்டம் போடுவாய். உன் ரூம் பிரின்டர் ரிப்பேருக்கு வந்த நான் நின்று வேடிக்கை பார்த்தேன். "பாயைப் பாருங்கப்பா, கண்ண மூடிக்கிட்டே கிரேடு போடறாரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மெச்சிச் சொன்னதாக நினைப்பு. நீ திரும்பிப் பார்க்கவில்லை.

என் பொறுமை போனது அதற்கு ஒரு மாதம் கழித்து. ஆடும்போது ஃபோனில் படம் எடுத்து அனுப்பு என்று நான்தான் சொல்லியிருந்தேன். அனுப்பினாய். ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு. எல்லாப் படத்திலும் திரை நேராக, சுத்தமாக இருந்தது. சுத்தமாகத்தானே இருக்கு பாய் என்று பதில் போட்டேன். அதற்கு நீ, "ஃபோட்டோலயும் ஆடுதே" என்று எழுதினாய்.

மறுநாள் கேன்டீனில் கத்திவிட்டேன். ஆடிட் வருகிற வாரம், சர்வர் படுத்துக் கிடந்தது, இரண்டு நாளாக வீட்டுக்கு ஒழுங்காகப் போகவில்லை. காரணம் ஆயிரம் சொல்லலாம். "உனக்கு எதையாவது குத்தம் கண்டுபுடிக்கலன்னா சோறு எறங்காதா? செலக்‌ஷன் புத்தியக் கொண்டாந்து எங்கிட்ட காட்டாத. மெஷின் நல்லாத்தான் இருக்குது. இதுக்கு மேல எங்கிட்ட அத்தப் பத்திப் பேசாத" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வுடு தோஸ்த், கோச்சிக்காத" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சொன்ன சொல் கேட்டாய். நானும் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஷூ கம்பெனியிலிருந்து ஒரு லாட் அப்படியே திரும்பி வந்தது. முதல் தரம் என்று உன் சாக்பீஸ் குறி போட்ட தோல்களில் பொடிக் கீறல்கள். விரலுக்கு அகப்படாத, கண்ணுக்கு மட்டும் அகப்படுகிற கீறல்கள். மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு ஜன்னல் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு தோலைக் காட்டி, "இதுல இன்னா தெரியுது?" என்று கேட்டாராம். நீ ஒன்றும் தெரியவில்லை என்றாயாம். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் கேள்விப்பட்டு ஓடிவந்து, அடுத்த நாள் உன்னை வேலூருக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

கண் டாக்டர் அம்மா ஒரு அட்டையை நீட்டினார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்த அட்டை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். "கோடெல்லாம் நேரா தெரியுதா, நெளியுதா?"

நீ அட்டையைப் பார்த்தாய். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாய். "அந்த லேப்டாப் மாதிரியே இருக்குது டாக்டர்" என்றாய். சிரித்துக்கொண்டே வேறு சொன்னாய்.

சர்க்கரை கண்ணுக்குள் போய் நடுவில் வீங்க வைத்திருக்கிறது என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். "ரெண்டு மாசமா" என்றாய். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பதினான்கு மாதம் என்று எனக்குத் தெரியும். என் ஃபோனிலேயே இருக்கிறது கணக்கு. வாயைத் திறக்கவில்லை. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா நெறைய காப்பாத்தியிருக்கலாம், இப்ப இருக்கறத நிறுத்திப் பாக்கலாம்" என்று அவர் சொன்னபோது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்னியையும் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பார்த்தார்கள். அது கண்ணைவிட மோசமாக இருந்தது.

பேக்கிங்குக்கு மாற்றினார்கள் உன்னை. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அப்போதும் என் அறைக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னா சிஸ்டம், இன்னிக்கு எது படுத்துக்கிச்சி?" என்று கேட்பாய். லேப்டாப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிச்சிடு பாய் என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல் வாங்கிக் கொடுத்தேன். அதைத்தான் செய்தேன்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் தலையணை உறையோடு உன் வீட்டுக்குப் போனேன். பாபி இப்போது முன்னறையில்தான் படுக்கிறார் போலிருக்கிறது, கோரைப்பாய் சுருட்டி வைத்திருந்தது. லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துத் திறந்து பேத்தி படத்தைக் காட்டினேன்.

"நல்லா இருக்குதே" என்றார்.

"எப்பவும் நல்லாத்தான் இருந்திச்சி பாபி. போட்ட மொத நாள் மட்டும் கலங்கிச்சி. அன்னிக்கே சரி பண்ணிட்டேன். அப்புறம் இதுல ஒரு கோளாறும் இல்ல. ஆடினது அவரு கண்ணு. எனக்கு அது தெரிஞ்சிருக்கணும். ஒரு வருஷத்துக்கு மேல எங்கிட்டதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் திட்டி அனுப்பிட்டேன்."

இத்தனை மாதமும் ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பாபி முந்தானையால் திரையின் தூசியைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"தெரியும் அண்ணா."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு மொதல்லயே தெரியும். உப்பு டப்பாவத் தடவித்தான் எடுப்பாரு. தண்ணி ஊத்துனா டம்ளருக்கு வெளிய போவும். டாக்டர்கிட்ட போலாம்னு எத்தினி தபா சொன்னேன் தெரியுமா? கண்ணுன்னு ஒரு தபா பேரு வந்துட்டா அவ்ளோதான், அப்புறம் எந்தத் தோல் ஷாப்லயும் நிக்க முடியாதும்பாரு. வெளிய யாருக்கும் சொல்லாத, லேப்டாப்புனே சொல்லுன்னாரு. நானும் அப்படியே சொன்னேன்."

"காலைல கேட்டப்பகூட..."

"வேற எப்படிக் கேக்கறது? ரெண்டு வருஷமா அப்படியே சொல்லிச் சொல்லி வாய் பழகிப் போச்சி." லேப்டாப்பை மூடி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "உங்களதான் ரொம்ப நம்புனாரு அண்ணா. சிஸ்டம் கில்லாடி, கோளாறு எங்கன்னு எப்படியும் புடிச்சிடுவான். அவனா கண்டுபுடிச்சி அவன் வாயால சொல்லட்டும், அன்னிக்கே டாக்டர்கிட்ட வர்றேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தாரு."

குறை சொல்கிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பாசஞ்சர் இன்றைக்கும் லேட். பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனில் உன் பேரை எடுத்தேன். எட்டு மாதமாக அதைத் திறக்கவில்லை. மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். உன் லேப்டாப் படங்கள் ஏழும் இருந்தன. "ஃபோட்டோலயும் ஆடுதே" இருந்தது. கேன்டீனில் நான் கத்தின நாள் தாண்டி, அதற்கு மறுநாள், இன்னும் ஒரு படம் இருந்தது. எட்டாவது படம். நீ அனுப்பினது எனக்கு நினைவே இல்லை.

அது லேப்டாப் இல்லை. உன் செலக்‌ஷன் ரூமின் வடக்கு ஜன்னல். ஒன்பது கம்பி, ஒன்பதும் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. கீழே நீ எழுதியிருக்கிறாய்: "இதுவும் ஆடுது."

பேசாதே என்று நான் சொன்ன பிறகு, நான் கண்டுபிடிப்பதற்கு இதைவிட வெளிச்சமாக நீ என்ன காட்ட முடியும்? லேப்டாப்பையே விட்டுவிட்டாய். இரும்புக் கம்பியைக் காட்டினாய். நான் கை தவறி வந்த படம் என்று நினைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வர விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை.

அந்த ஜன்னலை இப்போதும் தினம் இரண்டு முறை தாண்டிப் போகிறேன். இப்போதெல்லாம் யாராவது திரை ஆடுது, மங்குது என்று கூப்பிட்டால் மெஷினைத் தொடுவதில்லை பாய். அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஜன்னல் முன்னால் நிறுத்தி, கம்பி நேரா இருக்குதா என்று கேட்கிறேன். உன் விஷயத்துக்கு அப்புறம் பிடித்துக்கொண்ட பழக்கம். சிஸ்டத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் கட்டிங்கில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தி, நடுக்கம்பி வளைந்திருக்கிறதே என்றாள். அன்றைக்கே வேலூருக்குப் பஸ் ஏற்றி அனுப்பினேன். நீ எனக்குக் காட்டிய ஜன்னலிலேயேதான் அத்தனை நாள் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன், அந்தப் படம் என் பையில் இருப்பது தெரியாமல்.

அந்தச் சிரிப்பை அழித்துவிடலாம் என்று அழுத்திப் பிடித்தேன். நாளாகிவிட்டதால் எனக்கு மட்டும்தான் அழிக்க முடியுமாம். உன் ஃபோனில் அது அப்படியே இருக்குமாம்.

அழிக்கவில்லை பாய். என்னிடமும் இருக்கட்டும்.